பிரானூர் எல்லையில் ஒரு படையல்

சுதந்திரம் வந்த அடுத்த வருஷம், காந்தி ஜெயந்தியன்று, தென்காசித் தாலுகாவில் இருந்த கள்ளுக்கடை, சாராயக்கடை அத்தனையையும் மூடினார்கள். அதுவரை சர்க்கார் சொன்ன எதையும் நம்பாத குருவம்மாள், அன்றைக்குத்தான் முதல்முதலாகச் சர்க்காரை நம்பினாள்.

அவள் புருஷன் தளவாய் வில்வண்டி ஓட்டுகிறவன். தென்காசி ரயிலடியில் இறங்கும் ஆட்களைக் குற்றாலத்துக்குக் கொண்டுபோய் விடுவது தொழில். மாட்டை அடிக்காமல் ஓட்டுவான், நல்ல கை. ஆனால் கடை திறந்திருந்த காலத்தில் அவன் வண்டியில் ஏறுகிறவர்கள் எங்கே போய் இறங்குவார்கள் என்பதற்கு உத்தரவாதம் கிடையாது. அருவியில் குளிக்க வந்த ஒரு வக்கீல் குடும்பத்தை ஏற்றிக்கொண்டு, எதிர்த் திசையில் ஓட்டி, சுரண்டைச் சந்தையில் கொண்டுபோய் இறக்கிவிட்டான். அருவி எங்கேயப்பா என்று வக்கீல் கேட்டதற்கு, இந்த வருஷம் சாரல் இல்லை எசமான் என்று பதில் சொன்னானாம். ஊர் முழுக்க அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தது. குருவம்மாள் சிரிக்கவில்லை. சிரிப்பு முடிந்து எல்லாரும் அவரவர் வீட்டுக்குப் போய்விடுவார்கள், இவன் வருவது அவள் வீட்டுக்கு.

வண்டிச் சத்தம் கேட்டதும் மகள் வள்ளித்தாய் நெல் குதிருக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொள்வாள். அடிப்பான் என்று இல்லை, பிள்ளையை அவன் அடித்ததே கிடையாது. ஆனால் சட்டி பானை பறக்கும். பக்கத்து வீட்டுக்காரர்களின் ஏழு தலைமுறையும் சந்திக்கு வரும். விடிந்ததும் ஒன்றும் நினைவில்லாமல் கஞ்சி கேட்பான். அதுதான் குருவம்மாளுக்குத் தாங்காது. நினைவிருந்தாலாவது நாலு கேள்வி கேட்கலாம்.

கடை மூடிய கொஞ்ச நாளில் வண்டிச் சத்தம் கேட்டால் வள்ளித்தாய் வாசலுக்கு ஓட ஆரம்பித்தாள். குருவம்மாளுக்கு வேறு என்ன வேண்டும்.

ஆனால் சர்க்கார் மூடியது தன் கடைகளை மட்டும்தான். அவர்கள் ஊரிலிருந்து மேற்கே ஒரு மைல் நடந்தால் பிரானூர் எல்லை வந்துவிடும். ரோட்டோரம் ஒரு கல் நட்டிருந்தது. கல்லுக்குக் கிழக்கே நம் சர்க்கார், மேற்கே திருவிதாங்கூர் மகாராஜா. மகாராஜா அப்போது குடியை நிறுத்தவில்லை. செங்கோட்டைப் பக்கம் சாராயக்கடை எப்போதும்போலத் திறந்திருந்தது. கல்லைத் தாண்டிப் போய்க் குடித்துவிட்டுத் திரும்புகிறவர்களைப் பிடிப்பதற்கென்று கல்லுக்கு இந்தப் பக்கம் வேல்சாமி என்ற கான்ஸ்டபிளைப் போட்டிருந்தார்கள். வேல்சாமி எல்லாரையும் நிறுத்தி, “ஊது” என்பான். ஊதினால் தெரிந்துவிடும். தளவாயும் முதல் மாதத்தில் அங்கே போய்விட்டுத் திரும்பி, ஊதி, அகப்பட்டான். தென்காசி லாக்கப்பில் கிடந்துவிட்டு அபராதம் கட்டி வந்தவன், அதற்குப் பிறகு அந்தப் பக்கமே போகவில்லை.

வேல்சாமிக்குப் பயந்துதான் புருஷன் அடங்கிக் கிடக்கிறான் என்று குருவம்மாள் நினைத்தாள். ஊரில் மற்றவர்கள் வேல்சாமியைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். இவள் கூப்பிட்டு மோர் கொடுப்பாள். போலீஸ்காரனுக்கு மோர் கொடுத்த ஒரே வீடு அந்த ஊரில் அவள் வீடுதான்.

சித்திரை வந்தது, கரையடி மாடசாமிக்குக் கொடைத் திருவிழாவும் வந்தது. குருவம்மாளுக்குக் கவலையும் அதோடு வந்தது.

மாடசாமி குளத்துக் கரையில் இருக்கும் ஊர்க்காவல் தெய்வம். கிடா, சுருட்டு, சாராயம் மூன்றும் வைத்தால்தான் அவருக்குப் படையல். சாமி தளவாய் குடும்பத்தின் மேல்தான் வரும். அவன் அப்பன் ஆடினான், தாத்தா ஆடினான், இப்போது இவன். சாமி வந்து ஆடுகிறபோது சாராயத்தைச் சாமியே வாங்கிக் குடிக்கும். அதாவது தளவாய் குடிப்பான். சாமி பேரைச் சொல்லி மிச்சம் இருப்பதை ஊரார் பிரசாதமாக எடுத்துக்கொள்வார்கள். சாமிக்கு ஒரு பங்கு என்றால் பிரசாதம் ஒன்பது பங்கு இருக்கும்.

கொடைக்குப் பந்தல்கால் நாட்டுவதற்கு முன்னால் கோயில் முன்பு ஊர்க் கூட்டம் போட்டார்கள். ஊர்ப் பெரியவர் சங்கரபாண்டி சட்டத்துக்கு ரொம்பக் கட்டுப்பட்டவர். அவர் மகன் பாளையங்கோட்டையில் போலீஸ் வேலையில் இருந்தான். ஊரில் ஒரு சொட்டுச் சாராயம் பிடிபட்டாலும் மகன் வேலைக்கு ஆபத்து என்று அவருக்குப் பயம்.

“மேளத்துக்குச் சொல்லியாச்சு, வில்லுப்பாட்டுக்குச் சொல்லியாச்சு” என்றார். “சாமிக்கு முன்னால வைக்கதுக்குத்தான் ஒண்ணும் இல்ல. என்ன செய்ய?”

பெண்கள் நின்ற பக்கத்திலிருந்து குருவம்மாள், “இளநி வைக்கலாம்லா அண்ணாச்சி” என்றாள்.

“மாடனுக்கு இளநியா? அவரு என்ன காய்ச்சல்லயா கிடக்காரு?” என்று யாரோ சொல்ல, ஆண்கள் சிரித்தார்கள்.

குருவம்மாள் விடவில்லை. “நாம சொல்லி என்ன? சாமிகிட்டயே பூக்கட்டிக் கேளுங்க. வேணும்னா வேணும்னு சொல்லட்டும்.”

அது ஞாயமாகத்தான் பட்டது. பூசாரி ஆவுடைநாயகம் வெள்ளை அரளி ஒரு இலையிலும் செவ்வரளி ஒரு இலையிலும் வைத்துக் கட்டி, இரண்டையும் சாமி காலடியில் போட்டார். வெள்ளை வந்தால் இளநீர், சிவப்பு வந்தால் பழைய வழக்கம். பூசாரியின் சின்னமகள் போய் ஒரு பொட்டலத்தை எடுத்துவந்தாள். பிரித்தால் செவ்வரளி.

ஆண்கள் முகத்தில் தெரிந்த பக்தியைச் சொல்லி முடியாது. குருவம்மாள் தன்னையே நொந்துகொண்டாள். யோசனை சொன்னவள் அவளே. வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருந்தால், சங்கரபாண்டியின் பயமே ஒரு வழியாக இளநீரில் கொண்டுவந்து விட்டிருக்கும். இப்போது சாமியே கேட்டுவிட்டது, இனி மாற்றிச் சொல்ல யாரால் முடியும்.

“சாமி கேட்டாச்சு. ஆனா சரக்கு ஊருக்குள்ள வரக்கூடாது” என்றார் சங்கரபாண்டி. கொஞ்ச நேரம் மீசையைத் தடவிக்கொண்டிருந்தார். பிறகு அவருக்கே உரிய புத்திசாலித்தனம் வேலை செய்தது. “சரக்கு இங்கன வரக்கூடாதுன்னுதான சட்டம். சாமி அங்கன போகக்கூடாதுன்னு சட்டமா?”

எல்லாருக்கும் உடனே பிடித்துப்போயிற்று. கொடையில் சாமி வேட்டைக்குப் போவது வழக்கம்தான். நடுச்சாமத்தில் சுடுகாட்டுப் பக்கம் ஓடிவிட்டுத் திரும்பும். இந்த வருஷம் வேட்டை மத்தியானம், பிரானூர்ப் பக்கம். கல்லைத் தாண்டிப் பத்து எட்டில் ஒரு மாமரம். அதன் அடியில் பூசாரியின் மைத்துனன், செங்கோட்டைக்காரன், படையலைத் தயாராக வைத்திருப்பான். சாமி போய் மகாராஜா மண்ணில் நின்று குடித்துவிடும். இருட்டில் போனால் அரிசி கடத்துகிறார்கள் என்று அந்தப் பக்கத்துச் சௌக்கியில் காவல் நிற்கிறவன் பிடித்துவிடுவான், அதனால்தான் மத்தியானம்.

சங்கரபாண்டி வேல்சாமியை வரவழைத்துக் கேட்டார். வேல்சாமி தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தான். இப்படி ஒரு கேஸை அவனுக்கு யாரும் படித்துக் கொடுத்திருக்கவில்லை.

“அங்கன போயி சாமி குடிச்சா நம்ம சர்க்காருக்கு என்ன அண்ணாச்சி. சாமி மேல கேஸ் போட முடியாது. ஆனா திரும்பி வருகையில சாமி மலையேறியிருக்கும். வாசனை இவன்கிட்டல்லா இருக்கும். இவன ஊதச் சொல்லுதது என் டூட்டி.”

“அப்ப ராத்திரி அங்கனயே படுத்துக்கிடட்டும். காலையில வரட்டும்” என்று தீர்ப்பு சொல்லிவிட்டார் சங்கரபாண்டி.

குருவம்மாளுக்கு அதைக் கேட்டதும் தலையில் இடி விழுந்தது. சாமிக்கு ஒரு செம்பு மட்டும் என்றாலே அவளுக்குப் பயம்தான். இப்போது செங்கோட்டையில், கடைக்குப் பக்கத்தில், ஒரு ராத்திரி முழுக்க வேறு. அங்கே படுத்து எழுந்தவன் மறுநாளும் அங்கேதான் எழுந்திருப்பான். அவன் இனி வீடு திரும்பப் போவதில்லை. வேல்சாமியால் கல்லில் நிறுத்தத்தான் முடியும். கல்லுக்கு அந்தப் பக்கமே தங்கிவிடுகிறவனை யார் என்ன செய்வது. இத்தனை மாத நிம்மதிக்கும் ஊர் கூடி ஒரு முடிவு கட்டிவிட்டது, அதுவும் பூப்போட்டு.

கொடையன்று காலையில் தளவாய் குளித்துவிட்டு ஈரத்தோடு உட்கார்ந்து சாமியாடும்போது உடுத்துகிற சல்லடத்தின் மணிகளைத் துடைத்துக்கொண்டிருந்தான். கால் நாட்டிய நாளிலிருந்து விரதம். முகம் மெலிந்து, பார்க்க நன்றாக இருந்தான். குருவம்மாள் அவன் முன்னால் போய் உட்கார்ந்தாள்.

“உங்களால குடிக்காம வர முடியாதா?”

“நானா குடிக்கேன்? சாமில்லா குடிக்கும்.”

“சாமி குடிச்சுட்டுப் போயிரும். போதை அதுகூடப் போகுதா? உங்க தலையிலதான கிடக்கு.”

தளவாய் ஒரே மணியையே திரும்பத் திரும்பத் துடைத்தான்.

“என்னமாவது சொல்லுங்க.”

“என்னத்தட்டி சொல்ல? அது வந்தா நான் இல்ல. இல்லாதவன்கிட்ட சத்தியம் கேக்க” என்றான். கோபமாகச் சொல்லவில்லை. அவனுக்கும் பயம் இருந்தது குரலில் தெரிந்தது. அதனால் அவளுக்கு இன்னும் பயம் கூடிற்று.

உச்சி வேளையில் சாமி வந்தது. மேளம் உச்சத்துக்குப் போனது, வில்லுக்காரர் மாடன் பிறந்த கதையைப் பாடிக்கொண்டிருந்தார், தளவாயின் தோள் குலுங்கியது. அப்புறம் கண் மேலே செருகிவிட்டது. அது நிஜமாக வந்த சாமி என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. குருவம்மாளுக்கும் இல்லை. கை எடுத்துக் கும்பிட்டாள். கும்பிட்டுக்கொண்டே மனசுக்குள், நீ வராமல் இருந்திருக்கலாம் என்றும் சொல்லிக்கொண்டாள்.

நீள ஈட்டியான வல்லயத்தைத் தூக்கிக்கொண்டு சாமி மேற்கே ஓடியது. பின்னால் மேளம், அதற்குப் பின்னால் ஊர். வேட்டைக்கு அப்படி ஒரு கூட்டம் அதுவரை வந்ததில்லை. முழங்கால் வலி என்று வயலுக்கே வராதவர்கள் எல்லாம் ஓடினார்கள். சிலர் இடுப்பில் சொருகியிருந்த வெண்கலத் தம்ளர் வெயிலில் பளபளத்தது. பிரசாதத்துக்கு.

வேட்டைக்குப் பெண்கள் போகிற வழக்கம் இல்லை. குருவம்மாள் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு கூட்டத்தின் வாலில் ஓடினாள். ஒருத்தர் திரும்பி, “ஏட்டி, நீ எங்க வாரா?” என்று அதட்டினார். “எம் புருஷன் போற எடத்துக்கு” என்றாள். அதற்குமேல் அவர் பேசவில்லை. போய் என்ன செய்யப்போகிறாள் என்று அவளுக்கே தெரியாது. காலைப் பிடித்துக்கொண்டு கிடக்கலாம் என்று ஒரு நினைப்பு. சாமியின் காலைப் பிடித்தால் யாரும் தப்புச் சொல்ல முடியாது அல்லவா.

சித்திரை வெயிலில் சரளைக்கல் ரோடு கொதித்தது. பாதி வழியில், பாலத்துக்கிட்டே, சாமி கொஞ்சம் தடுமாறிற்று. உடனே சமாளித்து மறுபடியும் ஓடியது. மேளக்காரர்கள் இன்னும் வேகமாக அடித்தார்கள்.

பிரானூரில் வேல்சாமி கல்லுக்கு இந்தப் பக்கம் தடியோடு நின்றான். ரோட்டோரம் கிதிர் முகம்மதுவின் சாயாக்கடை. அவர் கடையை விட்டு வெளியே வந்து வேடிக்கை பார்த்தார். கல்லுக்கு அந்தப் பக்கம் மாமரத்தடியில் வாழை இலை விரித்து, கிடாக்கறி, சுருட்டு, இரண்டு பெரிய பாட்டில், பக்கத்தில் ஒரு பானையும் மூடி வைத்திருந்தான் பூசாரியின் மைத்துனன். மேல்காற்று அடித்தது. வாசனை இந்தப் பக்கம் வந்தது. கூட்டத்தில் பலரும் மூக்கை உறிஞ்சினார்கள்.

சாமி ஓடிவந்தது. ஓடிவந்த வேகத்துக்குக் கல்லைத் தாண்டி மரத்தடிக்கே போயிருக்க வேண்டும். கல்லுக்கு நேரே வந்ததும் வல்லயத்தை ஓங்கித் தரையில் குத்திவிட்டு அப்படியே நின்றுவிட்டது.

மேளம் இரண்டு அடி கூடுதலாக அடித்து நின்றது.

“சாமி, இன்னும் பத்து எட்டுதான்” என்றார் சங்கரபாண்டி, வாயைப் பொத்திக்கொண்டு.

“இது என் எல்லை.”

“அது இல்ல சாமி, அங்கன படையல் வச்சிருக்கு.”

“என் எல்லை எதுன்னு நீ எனக்குச் சொல்லுதியாலே?” என்று சாமி கேட்டது. குரலில் இருந்த உறுமலுக்குச் சங்கரபாண்டி இரண்டடி பின்னால் போனார்.

பூசாரி ஆவுடைநாயகம் நெற்றியில் அடித்துக்கொண்டார். மாடசாமி ஊருக்குக் காவல். ஊர் நிலம் பிரானூர்க் கல்லோடு முடிகிறது. காவல்காரன் காவலை விட்டுவிட்டு அடுத்த ஊரில் போய் விருந்து சாப்பிடுவானா? பரம்பரையாகக் கும்பிடுகிற அத்தனை பேரில் ஒருத்தருக்கு இது தோன்றவில்லை. சட்டத்தை யோசித்தார்கள், சௌக்கியை யோசித்தார்கள், வாசனையைக்கூட யோசித்தார்கள். காவல் தெய்வத்தை எல்லைக்கு வெளியே விருந்துக்குக் கூப்பிட்டவர்கள் உலகத்திலேயே இவர்கள் மட்டுமாகத்தான் இருக்கும்.

குருவம்மாளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தாள். அவள் வந்து நிற்பதற்குள் சாமி மறுபடியும் பேசியது.

“நான் கேட்டேன்லா. பூவுல கேட்டேன்லா. கேட்டத இங்கன கொண்டாங்கலே.”

திரும்பி வந்த உயிர் மறுபடியும் போயிற்று. கூட்டத்துக்கோ சந்தோஷம். அந்தப் பக்கத்திலிருந்து பூசாரியின் மைத்துனன் பாட்டிலைத் தூக்கிக்கொண்டு நாலு எட்டு வந்தான். வேல்சாமி தடியைக் குறுக்கே நீட்டினான்.

“கல்லத் தாண்டி வந்தா கேஸ்தான். சாமி சொன்னாலும் சரி, யார் சொன்னாலும் சரி.”

“வேல்சாமி, சாமி குத்தமாயிரும்” என்றார் பூசாரி.

“குத்தம் ஆனா எனக்கு ஆகட்டும். இந்த வேலைய வச்சுத்தான் எங்க வீட்ல கஞ்சி குடிக்காவ.”

சாமி போகமாட்டேன் என்கிறது. சாராயம் வரமுடியாது. வெயில் தலையில் இறங்கிக்கொண்டிருக்கிறது. சங்கரபாண்டி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தார். மகன் வேலை ஒருபக்கம், சாமி கோபம் ஒருபக்கம். கூட்டத்தில் இளவட்டங்கள் வேல்சாமியை ஒரு மாதிரியாகப் பார்க்க ஆரம்பித்தார்கள். இன்னும் கொஞ்ச நேரம் போனால் தடியைப் பிடுங்கிவிடுவார்கள் போலிருந்தது.

குருவம்மாள் சத்தமாகக் கேட்டாள். “பூசாரி மாமா, நாம பொங்கல் வைக்கோம், கிடா வெட்டி வைக்கோம். சாமி வந்து அள்ளியா திங்குது?”

பூசாரி விழித்தார். “என்ன பேச்சு பேசுதா?”

“கேட்டதுக்குச் சொல்லுங்க. சாமி என்ன செய்யுது?”

“பார்வையால எடுத்துக்கிடும். பிறகுதான நமக்குப் பிரசாதம்.”

“அப்ப கறிக்குப் பார்வை போதும், சாராயத்துக்கு மட்டும் தொண்டை வேணுமா? படையல் அந்தா இருக்கு. பத்து எட்டுதான். சாமிக்குக் கண்ணு தெரியாதா? நின்ன எடத்துலருந்து பாக்கட்டும். அவரு எல்லையும் தாண்டாண்டாம், சரக்கும் தாண்டாண்டாம்.”

எல்லாரும் அவளைப் பார்த்தார்கள். பொம்பளை சொல்லி ஒத்துக்கொள்வதா என்று சிலருக்கு இருந்தது. ஆனால் அந்த வெயிலில் வேறு வழி சொல்ல யாருக்கும் தோன்றவில்லை. வேல்சாமிதான் முதலில், “பாக்கதுக்குச் சட்டத்துல தடை இல்ல” என்றான். சங்கரபாண்டி அதைப் பிடித்துக்கொண்டார். “அது சரியான பேச்சு. பூசாரி, கேளும்.”

பூசாரி கைகட்டி நின்று சாமியிடம் உத்தரவு கேட்டார். சாமி கொஞ்ச நேரம் மாமரத்தையே உறுத்துப் பார்த்தது. “சரிதாம்லே. தூக்கிக் காட்டுங்க” என்றது.

மேளம் மறுபடி எழும்பியது. அந்தப் பக்கத்தில் மைத்துனன் சூடம் கொளுத்தி, பாட்டிலையும் இலையையும் தலைக்கு மேலே தூக்கிக் காட்டினான். இந்தப் பக்கத்தில் சாமி கை நீட்டி வாங்குவதுபோல வாங்கி, திருநீற்றை அள்ளி ஊரார் மேல் வீசிவிட்டுக் கீழே சாய்ந்தது. சாமி மலையேறிவிட்டது என்று பூசாரி சொன்னார். படையல் முடிந்தது. ஒரு சொட்டு நனையாத உதட்டோடு தளவாய் ரோட்டோரம் கிடந்தான்.

குருவம்மாளுக்கு வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது. நின்ற இடத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். அழுகை வந்தது, சிரிப்பும் வந்தது, எதை முதலில் விடுவது என்று தெரியவில்லை.

பிரசாதம் வாங்கி வருகிறோம் என்று கல்லைத் தாண்டிப் போனவர்கள் பொழுது சாயும்வரை திரும்பவில்லை. வேல்சாமி அவர்களுக்காகக் கல்லின்மேல் உட்கார்ந்து காத்திருந்தான். சங்கரபாண்டியும் பூசாரியும் மேளக்காரர்களைக் கூட்டிக்கொண்டு கோயிலுக்குத் திரும்பினார்கள். தளவாய் கொஞ்சம் படுத்திருந்துவிட்டு வரட்டும் என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

கிதிர் முகம்மது கடைக்கு முன்னால் ஓலை நிழலில் அவனைக் கொண்டுபோய்ச் சாய்த்து உட்கார வைத்தாள் குருவம்மாள். கிதிர் முகம்மது இரண்டு தம்ளரில் பால் விடாத கட்டன் சாயா கொண்டுவந்து வைத்தார். “குடிங்க. இதுக்கு ரெண்டு சர்க்காரும் ஒண்ணும் சொல்லமாட்டான்” என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். தளவாய் தம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான்.

“சாமி நல்ல எடத்துல நின்னுச்சு” என்றாள் குருவம்மாள். “நான் ஒரு வருஷத்துக்கு வெள்ளிக்கிழமை வெளக்கு போடுதேன்னு நேந்திருக்கேன்.”

தளவாய் நாலாபக்கமும் பார்த்தான். யாரும் இல்லை.

“ஏட்டி, ஒண்ணு சொன்னா யார்ட்டயும் சொல்லமாட்டியே?”

“சொல்லுங்க.”

“பாலத்துக்கிட்ட வருகையில கால் சுட்டுச்சு.”

அவளுக்கு முதலில் புரியவில்லை. வெயிலில் ஓடினால் சுடத்தானே செய்யும் என்று நினைத்தாள். பிறகுதான் உறைத்தது. தீயையே மிதிப்பார்கள், சாமி மேலே இருக்கிற காலில் சூடு தெரியாது. போன வருஷமும் அதற்கு முந்தின வருஷமும் அவன் கால் சுட்டதாக ஒரு நாளும் சொன்னது கிடையாது.

“அப்ப பாலத்துலயே...”

“அங்கனயே எறங்கிட்டாரு. பின்னால மேளம் வருது, ஊரே வருது. நான் சும்மா தளவாயா ஓடிக்கிட்டிருக்கேன். நிக்கவும் முடியல. இங்க வந்தா வாசனை அடிக்கி. ஏட்டி, எனக்கு வாயெல்லாம் ஊறிப்போச்சு. பத்து எட்டு. போனா யாரும் கேக்கமாட்டான், ஊரே கும்பிட்டுக்கிட்டு நிக்கும். பயந்துபோயிட்டேன். அதான் கல்லுல வல்லயத்தக் குத்திப்புட்டேன்.”

“எல்லைன்னு சொன்னது?”

“வாயில வந்துச்சு. சொன்னேன்.”

“பிறகு எதுக்கு இங்கன கொண்டாங்கன்னு சொன்னீங்க? என் உயிரே போச்சு.”

“பூவுல கேட்ட சாமி இப்ப வேண்டாம்னு சொன்னா நம்புவாங்களா? வேல்சாமி தடியோட நிக்கான்னு பாத்துட்டுத்தான் கேட்டேன். அவன் செத்தாலும் விடமாட்டான்லா. என்னய ஊதச் சொன்ன ஆளுல்லா அவன்.” தளவாய் சாயாவை ஒரு மிடறு குடித்துவிட்டுக் கீழே வைத்தான். முகம் வாடிப்போயிருந்தது. “சாமி இல்லாம சாமி மாதிரி பேசிட்டேன். குத்தமாயிருமோன்னு இருக்கு.”

குருவம்மாள் முதலில், கடை மூடினதால்தான் அவன் குடிக்கவில்லை என்று நினைத்திருந்தாள். அப்புறம் வேல்சாமியால்தான் என்று நினைத்தாள். கொஞ்ச நேரத்துக்கு முன்னால் சாமியால் என்றும் நினைத்தாள். ஒவ்வொன்றும் என்றைக்காவது இல்லாமல் போய்விடும் என்ற பயத்தில்தான் இத்தனை மாதமும் அவளுக்குச் சரியான தூக்கம் இல்லை. சர்க்கார் சட்டத்தை மாற்றிவிடலாம். வேல்சாமியை வேறு ஊருக்கு மாற்றிவிடலாம். இந்தக் கல்லுக்கு முன்னால் இன்றைக்கு ஒருத்தரும் தடுக்காமல் தானாக நின்றானே, அதை யாரும் எங்கேயும் மாற்ற முடியாது. அவளுக்கு நெஞ்சு நிறைந்து, பெரிய மூச்சாக வந்தது.

“குத்தமெல்லாம் ஒண்ணும் வராது” என்றாள். “அவரே பாதியில எறங்கி நின்னு உங்கள விட்டுப் பாத்திருக்காரு. வேணும்னா நான் கேட்டுக்கிடுதேன் அவர்ட்ட.”

எழுந்து உள்ளே போய்க் கிதிர் முகம்மதுவிடம் ஒரு செம்புத் தண்ணீர் வாங்கி வந்தாள். அவன் முன்னால் குனிந்து காலை இழுத்தாள். உள்ளங்கால் இரண்டிலும் கொப்புளம் கண்டிருந்தது. சாமியாடியின் காலுக்குத் தண்ணீர் ஊற்றுவது சாமி மேலே இருக்கும்போதுதான். இறங்கின பிறகு யாரும் ஊற்றுவதில்லை, அது வெறும் வண்டிக்காரன் கால்.

தளவாய் காலை இழுத்துக்கொள்ளப் பார்த்தான். “ஏட்டி, என்ன செய்யுதா? அவரு பாலத்துலயே போயிட்டாருன்னு சொன்னேன்லா.”

“தெரிஞ்சுதான் ஊத்துதேன்” என்றாள் குருவம்மாள். “காலக் காட்டுங்க.”